கீப் மை வேர்ட்: கொடுத்த வாக்கை ஆங்கிலத்தில் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வாசலில் குடையையும் செருப்பையும் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி மட்டும் கையில் போனோடு தயங்கி நின்றான். ரங்கூன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். சிங்கப்பூரில் இருக்கும் மேலாளருக்கு மெயில் ஒன்று எழுதி வைத்திருந்தான். "சாயாமா, ஒரே ஒரு வரிதான் சந்தேகம். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். இங்கே டீச்சரைச் சாயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மியப் பள்ளிக்கூடத்தில் பழகிய சொல், நம் வீட்டு வகுப்புக்கும் கூடவே வந்துவிடுகிறது.

அவன் காட்டிய வரி இது: "சார், ஐ ஆல்வேஸ் சேவ் மை வேர்ட்ஸ்."

என்ன சொல்ல வருகிறான் என்று எனக்கு உடனே தெரிந்தது. "சொன்ன சொல்லைக் காப்பாத்துறவன் நான்" என்பதைத்தான் ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தான். காப்பாற்றுவது சேவ், சொல் வேர்ட். ஆனால் சிங்கப்பூரில் அதைப் படிக்கிறவருக்கு அப்படித் தெரியாது. "நான் வார்த்தைகளை மிச்சம் பிடிக்கிறவன், அதிகம் பேச மாட்டேன்" என்று எடுத்துக்கொள்வார். கம்ப்யூட்டரோடு பழகியவர் என்றால் ஏதோ ஃபைலைச் சேமித்து வைக்கிறான் போல என்றுகூட நினைப்பார்.

ஐந்து நிமிஷத்தில் திருத்திக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்று பேசியதோடு, அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம், வேலையில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்குக் 'கீப் மை வேர்ட்' என்ற இந்த ஒரு தொடர் அவ்வளவு முக்கியம். இலக்கணம் பிசகினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாக்கைப் பற்றிப் பேசும் இடத்தில் பிசகினால், ஆளைப் பற்றியே தப்பான எண்ணம் வந்துவிடும்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். கை எழுதினால்தான் மனதில் நிற்கும்.

முதல் படி: இரண்டு சொல்லையும் பிரித்துப் பாருங்கள்

'கீப் மை வேர்ட்' என்பதில் வேர்ட் என்பது அகராதியில் இருக்கிற சொல்லைக் குறிக்கவில்லை. ஒருவருக்கு நாம் கொடுத்த வாக்கு அது. நம் தமிழிலும் இதே கதைதான். "ஒரு சொல் கொடுத்துட்டேன்", "அவர் பேச்சை நம்பித்தான் வந்தேன்" என்று சொல்லும்போது சொல்லும் பேச்சும் வாக்கு ஆகிவிடுகின்றன. இந்தப் பாதி நமக்குக் கஷ்டமில்லை.

கீப்தான் இடறுகிற இடம். கீப் என்றால் வைத்திருப்பது என்று பள்ளியில் படித்திருப்போம். சாவியை வைத்திரு, மீதிச் சில்லறையை வைத்துக்கொள். வாக்கை எப்படி வைத்துக்கொள்வது? கொடுத்த பிறகு அது எதிராளியிடம் அல்லவா இருக்கிறது? போன வருஷம் ஒரு பெண் இப்படித்தான் கேட்டாள். நல்ல கேள்வி.

கீப் என்பதற்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. கவனமாக அனுசரிப்பது, குறைவில்லாமல் கடைப்பிடிப்பது. ஆங்கிலத்தில் ஓய்வு நாளையும் 'கீப்' பண்ணுவார்கள், நோன்பையும் 'கீப்' பண்ணுவார்கள். நாம் விரதம் காப்பது என்கிறோமே, அந்தக் காப்புதான் இது.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் கோயிலைத்தான் இழுப்பேன். தீமிதிக்குக் காப்புக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூசிய நூல், அதில் முடிந்த ஒரு விரலி மஞ்சள். பூசாரி அதை மணிக்கட்டில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்குவார். ஈர நூல் என்பதால் காயக் காய இன்னும் இறுகும். கட்டிக்கொண்டவர் அன்றிலிருந்து கவுச்சி தொட மாட்டார், வெளியூரில் ராத்தங்க மாட்டார், காப்பு அவிழ்க்கிற நாள் வரை விரதம் குலையாமல் இருப்பார். நூல் கையில் கட்டியிருக்கிறது, ஆனால் காப்பாற்ற வேண்டியது நூலை இல்லை. சாமியிடம் சொன்ன சொல்லை. ஆங்கிலக் கீப் இந்த இடத்தில் செய்கிற வேலை முழுவதும் அந்தக் காப்புக்குள் இருக்கிறது. இப்படிச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் என்னிடம் சேவ் என்று எழுதிக்கொண்டு வந்ததில்லை.

பர்மியத்திலிருந்து யோசிக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பர்மியத்தில் வாக்குறுதிக்குக் 'கதி' என்று பெயர். அதைக் கொடுப்பார்கள், அது அசையாமல் நிலைநிற்க வேண்டும், தவறினால் அதை அழித்துவிட்டதாகச் சொல்வார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்து "மை ப்ராமிஸ் இஸ் ஸ்டாண்டிங்" என்று எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று மொழியும் ஒரே விஷயத்தை மூன்று விதமாகப் பார்க்கின்றன. தமிழில் வாக்கு ஆபத்தில் இருக்கிற ஒன்று, அதைக் காப்பாற்ற வேண்டும். பர்மியத்தில் அது நட்டுவைத்த கம்பம், சாயக் கூடாது. ஆங்கிலத்தில் அது கையில் இருக்கிற பாத்திரம் மாதிரி, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், கைதவறினால் உடையும். உடைவதற்குப் பிரேக் என்று போடுவது அதனால்தான்: "ஹி ப்ரோக் ஹிஸ் வேர்ட்."

இரண்டாம் படி: வேர்ட் ஒன்றுதான், வேர்ட்ஸ் கிடையாது

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாக்குக் கொடுத்திருந்தாலும், எத்தனை பேர் கொடுத்திருந்தாலும், இந்தத் தொடரில் வேர்ட் ஒருமையில்தான் வரும்.

"ஐ கெப்ட் மை வேர்ட்." சரி.
"ஐ கெப்ட் மை வேர்ட்ஸ்." தப்பு.
"தெய் கெப்ட் தெயர் வேர்ட்." பத்துப் பேராக இருந்தாலும் இதுதான் சரி.

நம் பிள்ளைகள் ஏன் 'ஸ்' சேர்க்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். "நான் எப்பவும்" என்று தொடங்கினால் பல தடவை என்ற எண்ணம் வருகிறது, உடனே கை தானாகப் பன்மைக்குப் போகிறது. இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. "அவர் வாக்கைக் காப்பாற்றினார்" என்று சொல்கிறோம். "அவர் வாக்குகளைக் காப்பாற்றினார்" என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ தேர்தலில் ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினவர் மாதிரி இருக்கிறது, இல்லையா? தமிழிலும் இங்கே ஒருமைதான். அந்தக் காதை ஆங்கிலத்துக்கும் அப்படியே கொண்டுபோங்கள்.

ப்ராமிஸ் வேறு. அதற்கு ஒருமை, பன்மை இரண்டும் உண்டு. "ஐ கெப்ட் மை ப்ராமிஸ்" என்றால் ஒன்றைக் காப்பாற்றினேன், "ஐ கெப்ட் மை ப்ராமிசஸ்" என்றால் பலவற்றை. எனவே எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் ப்ராமிஸ் போடுங்கள். ஆளின் குணத்தைச் சொல்கிற இடத்தில் வேர்ட்.

உச்சரிப்பிலும் ஒரு கவனம். வேர்ட், உலகத்தைக் குறிக்கும் வேர்ல்ட், ஆஸ்பத்திரி வார்ட் மூன்றையும் கலந்துவிடாதீர்கள். "ஐ கிவ் யூ மை வேர்ல்ட்" என்று போனில் சொன்னால் அது காதல் வசனம் ஆகிவிடும்.

மூன்றாம் படி: யாருடைய வாக்கு

வேர்டுக்கு முன்னால் யாருடையது என்று சொல்லும் சொல் கட்டாயம். நான் என்றால் மை, அவன் என்றால் ஹிஸ், அவள் என்றால் ஹர், நாங்கள் என்றால் ஆங்கில 'அவர்', அவர்கள் என்றால் தெயர், ஒரு கம்பெனி என்றால் இட்ஸ். "ஹி கெப்ட் வேர்ட்" என்று மொட்டையாக விட முடியாது. "ஹி கெப்ட் தி வேர்ட்" என்றும் வராது. அவ்வளவுதான், இதில் வேறு நுணுக்கம் இல்லை.

நான்காம் படி: கொடுப்பது முதல் உடைப்பது வரை

ஒரு வாக்குக்குப் பிறப்பு, வாழ்வு, முடிவு எல்லாம் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆங்கிலத்தில் தனி வினை இருக்கிறது.

கொடுக்கும்போது கிவ். "ஐ கேவ் ஹர் மை வேர்ட் தட் ஐ வுட் கம்." வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும் அந்த நொடியில் நேராகச் சொல்ல வேண்டும் என்றால் "யூ ஹேவ் மை வேர்ட்" என்பார்கள். என் வாக்கு உங்களிடம் இருக்கிறது என்று பொருள். கம்பீரமான வாக்கியம், அடிக்கடி எடுக்கக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சொன்னபடி நடந்தால் கீப். பக்கத்திலேயே இன்னொரு அழகான தொடர் உண்டு: "ஹி வாஸ் ஆஸ் குட் ஆஸ் ஹிஸ் வேர்ட்." அவன் சொல் எவ்வளவு நல்லதோ அவனும் அவ்வளவு நல்லவனாக நடந்துகொண்டான் என்று விரித்துப் பார்க்கலாம். "சொன்ன மாதிரியே செஞ்சுட்டான்யா" என்று நாம் வியந்து சொல்கிற இடத்தில் இது பொருந்தும். எப்போதும் அப்படியே இருக்கிறவரை "எ மேன் ஆஃப் ஹிஸ் வேர்ட்" என்பார்கள், பெண் என்றால் "எ வுமன் ஆஃப் ஹர் வேர்ட்." நம் சொல்லில் வாக்குத் தவறாதவர்.

தவறும்போதுதான் ஆங்கிலம் இரண்டாகப் பிரிகிறது, இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "பிரேக் மை வேர்ட்" என்றால் வாக்கு நிறைவேறவில்லை. வேண்டுமென்று செய்ததாகவும் இருக்கலாம், முடியாமல் போனதாகவும் இருக்கலாம். "கோ பேக் ஆன் மை வேர்ட்" என்றால் சொன்ன இடத்திலிருந்து பின்வாங்கியது, அதாவது மனம் மாறியது. தமிழில் "வாக்குத் தவறிட்டான்" என்பதற்கும் "பேச்சு மாறிட்டான்" என்பதற்கும் உள்ள அதே வித்தியாசம். வீட்டுக்காரர் இந்த வாடகைதான் என்று சொல்லி, மூட்டை முடிச்சோடு நாம் வந்து இறங்கிய பிறகு கூட்டிக் கேட்கிறார் என்றால் அது கோ பேக் ஆன். பஸ் கிடைக்காமல் சொன்ன நேரத்துக்கு வர முடியாத நண்பனைக் கோ பேக் ஆன் என்று சொன்னால் அது அநியாயம். அவனுக்குப் பிரேக் என்பதுகூட அதிகம், "ஹி குடின்ட் கீப் ஹிஸ் வேர்ட்" போதும்.

இந்த வினைகளைப் பழக நான் கொடுக்கும் பயிற்சி எளிது. ஒரே ஒரு வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது. அதைக் கொடுத்ததாக ஒரு வாக்கியம், காப்பாற்றியதாக ஒன்று, முடியாமல் போனதாக ஒன்று, பேச்சு மாறியதாக ஒன்று. நான்கே வாக்கியம். அம்மாவை முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நாக்குக் கூசினால், பொருள் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கீப் அப் மை ப்ராமிஸ்" என்று நடுவில் ஒரு அப் சேர்ப்பது நம் ஆட்களிடம் அதிகம், அந்த அப் வேண்டாம். ப்ராமிஸைக் கொடுக்கிறேன் என்பதற்காக "ஐ கிவ் ப்ராமிஸ்" என்று எழுதாதீர்கள், "ஐ மேக் எ ப்ராமிஸ்" என்பதுதான் வழக்கு. வேர்டைத்தான் கொடுப்பார்கள், ப்ராமிஸைப் பெரும்பாலும் செய்வார்கள். "ஐ ப்ராமிஸ்ட் டு ஹிம்" என்பதில் டு அதிகம், "ஐ ப்ராமிஸ்ட் ஹிம்" போதும்.

ஐந்தாம் படி: யாரைப் பற்றிச் சொல்வது

"ஐ ஆல்வேஸ் கீப் மை வேர்ட்" என்று வேலை நேர்காணலில் சொல்லலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இலக்கணப்படி சரி. ஆனால் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இந்தத் தொடர் அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் ஒளிவிடும். "ஷி கெப்ட் ஹர் வேர்ட்" என்றால் பாராட்டு. தன்னைப் பற்றிச் சொல்லும்போது, அதுவும் ஆல்வேஸ் சேர்த்து, விளம்பரப் பலகை மாதிரி ஆகிவிடுகிறது. நேர்காணலில் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்: இன்ன தேதிக்குள் முடிப்பதாகச் சொன்னேன், இடையில் இது நடந்தது, முடித்துக் கொடுத்தேன். கேட்கிறவர் தானே மனதில் "கெப்ட் ஹிஸ் வேர்ட்" என்று எழுதிக்கொள்வார்.

ஆறாம் படி: முகம் ஒன்று, குணம் வேறு

வேர்ட் வரும் தொடர்கள் ஆங்கிலத்தில் ஏராளம், எல்லாம் வாக்குறுதி இல்லை. "டேக் மை வேர்ட் ஃபார் இட்" என்றால் நான் சொல்வது உண்மை, நம்புங்கள் என்று பொருள். வருங்காலத்தில் எதையும் செய்வதாக அதில் உறுதி கிடையாது. "ஹேவ் எ வேர்ட்" என்றால் தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும். மேலாளர் அப்படிக் கூப்பிட்டால் பதறாமல் போங்கள். ஆனால் "ஹேவ் வேர்ட்ஸ்" என்று பன்மையில் வந்தால் வாய்த்தகராறு. அந்த ஒரு 'ஸ்' என்ன பாடு படுத்துகிறது பாருங்கள். "ஈட் யுவர் வேர்ட்ஸ்" என்றால் தான் சொன்னது தப்பு என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்வது. "எ மேன் ஆஃப் ஃப்யூ வேர்ட்ஸ்" என்றால் அளவாகப் பேசுகிறவர். அந்தத் தம்பி எழுதிய வரி கடைசியில் இவர் பக்கத்தில்தான் போய் நின்றது.

ஏழாம் படி: எடை பார்த்துப் பேசுங்கள்

இந்தப் படியில் நாம் எல்லோருமே கொஞ்சம் நின்று போக வேண்டும். பர்மாவில் வளர்ந்த நமக்கு ஆநாடெ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. எதிராளியின் முகத்தை முறிக்க மனம் வராமல், அவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாதே என்று நாமே சங்கடத்தை ஏற்றுக்கொள்வது. நம் பெரியவர்கள் தாட்சண்யம் என்பார்கள். நல்ல குணம்தான், இந்த ஊரின் பண்பும்கூட. ஆனால் முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சரி என்று சொல்ல வைப்பதும் இதுதான். நம் ஊருக்குள் பரவாயில்லை. கேட்கிறவருக்கும் தெரியும், "சரிங்க" என்று இழுத்துச் சொன்ன தொனியிலேயே பாதி மறுப்பு இருக்கிறது என்று. வெளியூர் ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் மெயில் போகும்போது தொனி போகாது, சொல் மட்டும்தான் போகும்.

ஆகவே ஆங்கிலத்தில் உறுதிக்கு எத்தனை படிக்கட்டு என்று தெரிந்திருக்க வேண்டும். "ஐ'ல் சீ" என்றால் பார்க்கலாம், இதை நம்பி யாரும் எதையும் ஏற்பாடு செய்ய மாட்டார்கள். "ஐ'ல் ட்ரை" என்றால் முயற்சி செய்கிறேன், நடக்காமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. "ஐ'ல் டூ மை பெஸ்ட்" அதற்கு ஒரு படி மேல். "ஐ வில்" என்று தெளிவாகச் சொன்னால், ப்ராமிஸ் என்ற சொல் வராவிட்டாலும் வேலைசெய்யும் இடத்தில் அதை வாக்காகவே எடுத்துக்கொள்வார்கள். "ஐ வில் செண்ட் இட் டுமாரோ" என்று எழுதிவிட்டு, நான் என்ன சத்தியமா பண்ணினேன் என்று பின்னால் கேட்க முடியாது. அதற்கு மேலே "ஐ ப்ராமிஸ்". எல்லாவற்றுக்கும் உச்சியில் "யூ ஹேவ் மை வேர்ட்" அல்லது "ஐ கிவ் யூ மை வேர்ட்".

உச்சிப் படியை எடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். வாக்கு நிறைவேறுவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறதா? கரண்ட் இருந்தால், நெட் வேலைசெய்தால், இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் என்று எத்தனை 'இருந்தால்' நடுவில் வருகிறது? ரங்கூனில் வேலை செய்கிறவர்களுக்குக் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 'இருந்தால்' ஒன்று இருந்தாலும் அதை வாக்கியத்துக்குள் எழுதிவிடுங்கள்: "இஃப் வீ ஹேவ் பவர், ஐ வில் செண்ட் இட் பை ஃபைவ்." இதை யாரும் சாக்கு என்று நினைக்க மாட்டார்கள். நிலவரம் தெரிந்து பேசுகிறவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எட்டாம் படி: 'மை வேர்ட் இஸ் மை பாண்ட்'

கீப் மை வேர்டுக்கு ஒரு மூத்த உறவு இது. என் சொல்லே எனக்குப் பத்திரம், தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று பொருள். லண்டன் பங்குச் சந்தைக்கு 1923ல் சின்னம் வழங்கப்பட்டபோது அதில் இந்தக் கருத்துதான் லத்தீனில் வாசகமாகப் பொறிக்கப்பட்டது: டிக்டம் மியூம் பேக்டம். தரகர்கள் வாயால் பேசி முடித்த வியாபாரத்தை, காகிதம் வருவதற்கு முன்பே, மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடந்த சந்தை அது.

பாண்ட் என்ற சொல் கட்டுவது என்ற பொருளுள்ள பைண்ட் என்பதன் உறவு. காப்பும் கட்டும்! நம் கோயில் நூலில் ஆங்கிலத்தின் கீப், பாண்ட் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. வகுப்பில் முதன்முதலாக இது எனக்குத் தோன்றியபோது ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

ரங்கூன்காரர்களுக்கு இந்தத் தொடரின் அர்த்தம் லண்டனைவிடப் பக்கத்தில் இருக்கிறது. இன்று ஷ்வே பொந்தா தெரு என்று பெயர் போட்டிருக்கும் அந்த முகல் தெருவில்தான் ஒரு காலத்தில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் செட்டியார் கடைகள் வரிசையாக இருந்தன. 1930 வாக்கில் பர்மா முழுவதும் சுமார் 1,650 கடைகள். ஊரிலிருந்து வருகிற ஏஜெண்டு ஏறக்குறைய மூன்று வருஷக் கணக்கில் வருவார். அவருக்கும் முதலாளிக்கும் நடுவில் இருந்தது சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தக் காகிதம். மற்றதெல்லாம் நாணயம். நாணயம் என்ற தமிழ்ச் சொல் காசையும் நேர்மையையும் சேர்த்தே குறிப்பது அந்தத் தெருவுக்கு ரொம்பப் பொருத்தம். ஒரு கடையின் உண்டியல், அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு, மறு ஊரில் மதிக்கப்படவில்லை என்றால் அந்தக் கடையின் பெயரே போய்விடும்.

ஆனால் பாண்டுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கட்டு என்பது தளையும்தான். நெல் விலை விழுந்த 1930களில் கடன் பத்திரத்துக்குப் பதில் சொல்ல முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம், 1938ல் 25 சதவீதம். அதே காலத்தில் ஆள் திரட்டிக் கூட்டிவரும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பலேறி வந்த நம் கூலிக்காரர்களையும் கட்டிவைத்தது ஒரு வாக்குத்தான். அந்தப் பணம் தீரும் வரை அவர்கள் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. அதனால்தான் இந்தத் தொடரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, பெரிய வியாபாரி சொல்கிற கம்பீரமான வாசகம் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

பயன்பாடு என்று வந்தால், இது எழுத்திலும் மேடைப் பேச்சிலும் வரும். தினசரி மெயிலில் போட்டால் வேட்டி சட்டையோடு நீச்சல் குளத்தில் இறங்கின மாதிரி இருக்கும். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், அது போதும்.

ஒன்பதாம் படி: காப்பாற்ற முடியாமல் போனால்

அந்தத் தம்பியின் மெயிலுக்கு வருவோம். "நீ எதுக்குப்பா இந்த வரிய எழுதுற? மேலாளர் என்ன கேட்டார்?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு கண்டெய்னர் பேப்பரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாக எழுதியிருக்கிறான். சும்மா இல்லை, "யூ ஹேவ் மை வேர்ட்" என்று உச்சிப் படியில் நின்று எழுதியிருக்கிறான். யாரோ சொல்லக் கேட்டு, அழகாக இருக்கிறதே என்று போட்டது. வெள்ளி மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பேப்பர் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. மேலாளர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார், நீ வாக்குக் கொடுத்தாயே என்று. அதற்குத்தான் இவன் "நான் எப்பவும் சொல்லைக் காப்பாத்துறவன்" என்று எழுத உட்கார்ந்திருக்கிறான்.

சேவ் என்பதைக் கீப் ஆக்கி, 'ஸ்' எடுத்துக் கொடுத்திருந்தால் இலக்கணம் சரியாகியிருக்கும். மெயில் இன்னும் மோசமாகியிருக்கும்.

இந்த மாதிரிக் கடிதத்துக்கு வரிசை முக்கியம். முதலில் நடந்ததை அதன் பெயரிலேயே சொல்ல வேண்டும். அடுத்தது மன்னிப்பு, ஒரே தடவை. பிறகு இப்போது என்ன செய்தாகிவிட்டது என்பது. காரணம் கடைசியில், சின்னதாக, அதிலும் நம் பங்கு என்ன என்பது இருக்க வேண்டும். புது வாக்குறுதி எதுவும் அந்தக் கடிதத்தில் வேண்டாம். "இனிமேல் ஒருநாளும் இப்படி நடக்காது" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள், கரண்டுக்கு நீங்கள் ஜாமீன் இல்லை.

அவனையே சொல்லச் சொல்லி, இருவரும் சேர்ந்து எழுதியது இது:

"டியர் சார், ஐ கேவ் யூ மை வேர்ட் ஃபார் ஃப்ரைடே, அண்ட் ஐ டிட் நாட் கீப் இட். ஐ ஆம் சாரி. ஆல் தி பேப்பர்ஸ் ஆர் நவ் வித் யூ. வீ ஹேட் நோ பவர் ஃப்ரம் டூ ஓ'க்ளாக், பட் ஐ ஷுட் ஹேவ் டோல்ட் யூ தட் டே."

காரணத்தை முதல் வரிக்குக் கொண்டுபோக அவன் மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் கீழே இறக்கினேன். "கரண்ட் போனது என் தப்பு இல்லையே சாயாமா" என்றான். இல்லைதான். ஆனால் கையில் இருந்த போனில் ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அவனுக்கும் அது தெரிந்திருந்தது, அதனால்தான் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் அவனே சொன்னான்.

அனுப்பும் முன் இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்தான். முதல் வரியில் விரலை வைத்து நிறுத்தினான்.

"சாயாமா, இங்க 'கீப் இட்' தானே? 'கீப் தெம்' இல்லையே?"

"இட் தான்பா. குடுத்தது ஒரு வாக்குத்தானே."

தலையாட்டிவிட்டு அனுப்பினான்.